அக்கரைச் செய்தியும் ஆங்கிலக் கட்டுரையும்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ ஆங்கிலத் தாள் ஒரு பத்தியைக் கொடுத்துக் குறிப்பெடுக்கவோ சுருக்கவோ சொல்கிறது. வேறோர் இடத்தில் பொதுக்கட்டுரை கேட்கிறது. படித்த பத்தி கட்டுரைக்குள் வருவதே இல்லை. கட்டுரைக்கு வேண்டியதைக் கைடு முன்பே தந்துவிடுகிறது. இலங்கையின் சாதாரணதரத் தேர்விலும் வாசிப்பு தனி, கட்டுரை தனி. அங்கே உயர்தரத் தேர்வின் பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. தமிழ்நாட்டின் பொறியியல் கட்-ஆஃபிலும் ஆங்கிலத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் வாதிடக் கற்கும் அவசரம் இரு கரையிலும் எவருக்கும் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் கற்க ஒன்று உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மாணவர்கள் தங்கள் அமெரிக்க ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் எழுதியதையும் வரைந்ததையும் ஆராய்ந்தார். ஊர் அரசியலையும் சினிமாவையும் அந்த ஓரங்களில் அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். அவரது 1999ஆம் ஆண்டு நூலில் இது பதிவாகியிருக்கிறது. வாசித்ததோடு மல்லுக்கட்டும் திறன் அந்தப் பிள்ளைகளிடம் நிறையவே இருந்தது; அதை விடைத்தாளுக்குள் கொண்டுவர வழிதான் இல்லை. நம் மாணவர்களிடமும் அது இருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கைடின் ஓரத்தில் யார் என்ன எழுதப்போகிறார்கள்?

அந்தத் திறனை விடைத்தாளுக்குள் கொண்டுவர, படித்ததை வைத்தே கட்டுரை எழுதச் சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு மூலத்தைக் கொடுத்தால் மாணவர் அதன் பக்கம் சாய்வார், அதன் வாக்கியங்களையே எடுத்து வைப்பார். இரண்டாம் மொழியில் சொந்தச் சொல் போதாதவர் செய்வது அது. திருட்டு என்று சிவப்பு மையால் அடிப்பதை நான் ஏற்கவில்லை. எதிரெதிரான இரண்டு மூலங்கள் கைக்கு வந்தால் சாய இடமிருக்காது.

பாக் நீரிணை மீன்பிடித் தகராறையே எடுத்துக்கொள்வோம். இராமேஸ்வரத்துப் பிள்ளைக்குக் கைதான மீனவரையும் பறிபோன விசைப்படகையும் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு இழுவைப்படகு அறுத்த வலையைத் தெரியும்; இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டமியற்றித் தடைசெய்ததும் தெரியும். தன் ஊர்ப் பத்திரிகையை மட்டும் படித்து எழுதினால் இருவரிடமிருந்தும் வருவது முறையீடுதான். அக்கரைச் செய்தியையும் படித்த இராமேஸ்வரத்துப் பிள்ளை, அறுந்த வலைக்கு ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும்: எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது, கடனில் வாங்கிய படகை என்ன செய்வது? இரண்டு செய்திகளையும் மூடிவைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இரவல் வாக்கியங்களும் குறையும். இரு நாட்டுத் தேர்வுத்துறைகளும் பத்தியையும் கட்டுரையையும் ஒரே வினாவாக்கி, எதிர்த்தரப்புக்குச் சொன்ன பதிலுக்கென்று மதிப்பெண் ஒதுக்கட்டும்.