கை கேட்கும் கேள்விகள்

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் நான் ஆசையோடு பார்ப்பது மருத்துவரின் கைகளைத்தான். வாயில்லாச் சீவனிடம் கேள்வி கேட்கத் தெரிந்த கைகள் அவை. மாட்டின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பார். முதல் வயிறு புரண்டு அந்தக் கையைத் தள்ள வேண்டும். நல்ல மாட்டுக்கு 2 நிமிடத்தில் 2, 3 முறை. தள்ளவில்லையென்றால் செரிமானம் மந்தம். தீவனத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

நாய்க்கு வேறு வழி. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் சிவந்துவிட்டால் ரத்த ஓட்டம் சரி. பிடரித் தோலை இழுத்துவிட்டால் சட்டென்று படிய வேண்டும்; மெல்லப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. இந்த இரண்டையும் வளர்ப்பவர்களுக்கே கையைப் பிடித்துக் கற்றுத் தருவார். இந்தத் தாராளம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே உயிரைப் பறிக்கலாம் என்பார். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். ஆடு கொண்டுவரும் பாட்டியிடம் அதையே, "ஆத்தா, மஞ்சளை அப்பிக்கிட்டு உக்காந்துராதீங்க, ஊசிக்குப் போங்க" என்பார்.