ஜன்னல் வழியாக வருகிறவன்: இரத்தக்காட்டேரிக் காதலும் நமது ஜின் கதைகளும்

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல் 2005இல் அமெரிக்காவில் வெளியானது. அதைத் தொடர்ந்து மூன்று பாகங்கள் வந்தன. கடைசிப் பாகம் 'பிரேக்கிங் டோன்' 2008இல் வந்தது. பதினேழு வயதுப் பள்ளி மாணவி பெல்லா, கூடப் படிக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவனுக்கும் வயது பதினேழுதான், ஆனால் 1918இலிருந்து பதினேழு. ஸ்பானியக் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை ஒரு மருத்துவர் இரத்தக்காட்டேரியாக மாற்றியிருக்கிறார். இதன் வெற்றிக்குப் பிறகு இரத்தக்காட்டேரியின் இடத்தில் ஓநாய் மனிதன் வந்தான், சுவர்க்கத்திலிருந்து வீழ்ந்த மலக்கு வந்தார், இப்போது ஜின்னும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் இதையெல்லாம் வாசிப்பதில்லை என்று நினைக்கிறவர்கள் அவர்களுடைய கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்ததில்லை.

நம் வீடுகளில் இந்தப் புத்தகங்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, "இதெல்லாம் ஷிர்க், தூக்கி எறி". மற்றது, "இங்கிலீஷ் வளரும்தானே, வாசிக்கட்டும்". கொஞ்சம் விடயம் தெரிந்த உம்மாமார் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: புத்தகம் ஒழுக்கமானது, கலியாணத்துக்கு முன் ஒன்றும் நடப்பதில்லை. இது உண்மைதான். மேயர் மோர்மன் சமயத்தவர். திருமணம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கதையில் பிடிவாதம் பிடிக்கிறவனே எட்வர்ட்தான். ஆனால் அதே எட்வர்ட் முதல் பாகத்திலேயே பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவளுடைய அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வழக்கமாகவே. இதை அறிந்ததும் அவளுக்குப் பயமோ கோபமோ வரவில்லை. தூக்கத்தில் தான் என்ன உளறினோமோ என்ற வெட்கம்தான் வருகிறது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று சூரா அந்நூரின் 27ஆம் வசனத்தை மனனமிட்ட பிள்ளை, இந்த இடத்தை ஒரு கணமும் தடுக்காமல் வாசித்துக்கொண்டு போகிறது. முத்தத்தைத் தேடிப் பக்கம் புரட்டும் பெற்றோரும் இந்த ஜன்னலைக் கவனிப்பதில்லை.

சில வருடங்கள் நான் உருத்திரபுரத்தில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள், பழைய சிவன் கோயில், வாய்க்கால் இலக்கத்தைச் சொல்லி வீடு கேட்கிற வழக்கம் கொண்ட ஊர். வகுப்பில் நான் மட்டும்தான் முஸ்லிம். 2008 இறுதியில் ஊரோடு இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால்வரை போய், முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 'ட்வைலைட்' முதல் பாகத்தின் போட்டோக் கொப்பி ஒன்று கைமாறிக் கைமாறி மட்டை கழன்று கிடந்தது. ஒரு பிள்ளையிடம், "உமக்கு அந்தப் பெடியனில என்ன பிடிச்சது?" என்று கேட்டேன். அழகு என்றோ கார் என்றோ சொல்வாள் என்று பார்த்தேன். "அவன் சாகமாட்டான்தானே ரீச்சர்" என்றாள்.

இந்த நாவலைப் பற்றி நான் வாசித்த எந்த ஆங்கில விமர்சனத்திலும் இந்தப் பதில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கிய கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடி உருத்திரபுரத்திலிருந்து எட்டிப்போகிற தூரம்தான். சாகாத ஒருவனை, சொன்ன நேரத்துக்கு ஒவ்வொரு இரவும் வந்துவிடுகிற ஒருவனை அங்கே இருக்கிற பிள்ளை விரும்புவதை மலிவான ரசனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் குறை வேறு. தடுக்கப்பட்ட காதல் என்று சொல்லிவிட்டு இந்த நாவல் தடையை மெல்லக் கரைத்துவிடுகிறது. கடைசிப் பாகத்தில் பெல்லாவும் இரத்தக்காட்டேரியாகிறாள். கணவன் கிடைக்கிறான், பிள்ளை பிறக்கிறது, சாவும் போய்விடுகிறது. பிரிந்துவிடுமோ என்று நாம் பயந்த வாப்பாவும் வீட்டுக்கு வந்து போகிறார். அவள் எதை இழந்தாள் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நாவல் முழுக்க அவளை விரும்பித் தோற்ற ஓநாய் மனிதன் ஜேக்கபுக்குக்கூட, அவளுடைய பச்சைக் குழந்தையை வருங்காலத் துணையாக எழுதி வைத்துக் கணக்கை முடித்திருக்கிறார் ஆசிரியை. (அந்த ஜேக்கபின் இனமாகக் காட்டப்படும் குவிலியூட் மக்கள் வொஷிங்டன் மாநிலக் கரையோரத்தில் இன்றும் வாழும் ஒரு சிறிய பழங்குடி. தங்களைக் கேளாமலே யாரோ தங்களை ஓநாயாக்கிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும் என்பதைச் சிறுபான்மையாக வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை.)

நம்முடைய பழைய மரபு இந்த விடயத்தில் இவ்வளவு இலேசாக நடந்துகொள்ளவில்லை. நமக்கு ஜின் என்பது நாவலாசிரியரின் கற்பனை இல்லை; குர்ஆனின் 72ஆம் சூரா அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஸைபுல் முலூக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்து இளவரசன் ஒரு துணியில் நெய்யப்பட்ட உருவத்தைக் கண்டு, ஜின் அரசனின் மகள் பதீஉல் ஜமாலைத் தேடிப் புறப்படுகிறான். அவளைக் கண்டடைந்தபோது பயப்படுவது அவள்தான். மனிதர்களின் வாக்கை நம்பமுடியாது என்கிறாள். அவன் சத்தியம் செய்த பிறகும் முறைப்படி தன் பாட்டியிடம் போய்ப் பெண் கேட்கச் சொல்கிறாள். ஜன்னல் இல்லை, வாசல்தான். மியான் முஹம்மத் பக்ஷ் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பஞ்சாபியில் பெருங்காவியமாகப் பாடினார். பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கில் ஓர் ஏரியே இந்த இளவரசன் பெயரில் இருக்கிறது.

கதையை விடக் கூர்மையானது ஃபிக்ஹு. 14ஆம் நூற்றாண்டில் திரிப்போலியில் காழியாக இருந்த பத்ருத்தீன் அஷ்ஷிப்லி, ஜின்கள் பற்றிய சட்டங்களுக்கென்றே 'ஆகாமுல் மர்ஜான்' என்ற நூலை எழுதினார். மனிதரும் ஜின்னும் மணந்துகொள்ளலாமா என்ற கேள்வி அதில் விரிவாக வருகிறது. கூடாது என்போர், துணைகளை உங்களிலிருந்தே படைத்தான் என்ற பொருள்படும் சூரா அர்ரூமின் 21ஆம் வசனத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். இமாம் மாலிக் அவர்களுடையதாக ஓர் அறிவிப்பும் அங்கே இருக்கிறது. மார்க்க ரீதியில் தடை காணவில்லை, ஆனாலும் வெறுக்கிறேன் என்று அவர் சொன்னதாக. காரணம் என்ன? கர்ப்பிணியாகக் காணப்படும் பெண்ணிடம் கணவன் யார் என்று கேட்டால் ஜின் என்பாள். சமூகத்தில் சீர்கேடு பெருகும்.

இதைப் பெண்ணின் மீதான சந்தேகம் என்று வாசிக்கலாம். நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். ஜின் என்று சொன்னவுடன் ஓர் ஆண் தப்பிவிடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, பொறுப்பும் இல்லை. அமானுஷ்யக் கதைக்குப் பின்னால் ஒரு மனிதன் நின்றுகொண்டிருக்கலாம் என்று அந்த அறிவிப்புக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நாவல் வகையைப் பற்றி நான் பார்த்த விமர்சனங்களில் இதைவிடச் சிறந்தது ஒன்றும் இல்லை.

வன்னிக்கு இது மிகப் பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் வன்னி மக்களும் அடக்கம். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஒரே ரியூஷனில் இருக்கிறார்கள். பழக்கம் வரும், விருப்பமும் வரும். அது வெளியே தெரிந்தால் நம் பக்கத்தில், "புள்ளைக்கு ஜின் சேர்ந்திட்டு, ஓதிப் பாக்கணும்" என்பார்கள். தமிழ்ப் பக்கத்தில், "ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்று நூல் கட்டக் கூட்டிப் போவார்கள். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலான காயத்தையும் பயத்தையும், அந்தப் பெண் பிள்ளையின் சொந்த விருப்பத்தையும் பேச வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மனிதனல்லாத ஒன்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டு எழும்பிவிடுகிறோம். 'ட்வைலைட்' செய்வதும் இதைத்தான். மதம், இனம், சாதி என்று பெயர் சொல்ல வேண்டிய தடைக்கு இரத்தம் என்று பெயர் வைக்கிறது.

நான் ஃபத்வா கேட்டு எழுதவில்லை. மார்க்க எல்லை எது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகருக்குத் தெரியும். நான் கேட்பது கதையைப் பற்றி. நம் எழுத்தாளர்களின் காதல் கதைகளில் நான் வாசித்தவை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடிகின்றன: யாராவது சாகிறார்கள், அல்லது அவன் கலிமாச் சொல்லி நிக்காஹ் நடக்கிறது. இரண்டாவது முடிவில் எல்லாருக்கும் சந்தோசம். அவனைப் பெற்ற அம்மா அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலாவது வருகிறாளா என்று தேடினேன். வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்குப் போனானா, தைப்பொங்கலன்று அவள் அவனுக்கு ஒரு அழைப்பாவது எடுத்தாளா, ஒன்றும் இல்லை. பெல்லா இரத்தக்காட்டேரியாவதும் அவன் முஸ்லிமாவதும் ஒன்றென்று சொன்னால் கோபிப்பீர்கள். சத்தியத்தின் அளவில் ஒன்றே இல்லைதான். கதை எழுதிய விதத்தில் ஒன்றுதான்: கடந்து வந்தவனிடம் யாரும் விலை கேட்கவில்லை.

எஸ். ஏ. சக்ரபர்த்தி என்ற அமெரிக்க முஸ்லிம் பெண் எழுத்தாளரின் 'தி சிட்டி ஒஃப் பிராஸ்' (2017) இந்த விலையைக் கேட்கிற நாவல். 18ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் குறிசொல்லியும் ஏமாற்றியும் பிழைக்கும் நஹ்ரி, தெரியாத்தனமாக ஒரு ஜின் வீரனை அழைத்துவிடுகிறாள். அவன் பெயர் தாரா. அழகன், வீரன், அவளைக் காக்கிறவன். வழக்கமான நாயகனுக்குரிய எல்லாம் இருக்கிறது. ஆனால் ஜின்களின் நகரத்தில், மனித இரத்தம் கலந்து பிறந்தவர்கள் ஒடுக்கப்பட்டு வாழ்கிறார்கள். முன்னொரு காலத்தில் அப்படிப்பட்டவர்களைக் கொன்று குவித்த கைகள் தாராவுடையவை. அது தெரிந்த பிறகு நஹ்ரியால் பழையபடி அவனைப் பார்க்க முடிவதில்லை. வெறுக்கவும் முடிவதில்லை. அந்த இடத்தில் ஆசிரியை அவசரப்படவில்லை. இளவரசனை மணக்கும் பேச்சு வரும்போது அரசனோடு தன் நிபந்தனைகளைத் தானே பேரம் பேசுகிறாள் அந்தப் பெண். நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை என்பதை அறிந்த வாசகி அந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே வாசிக்கமாட்டாள்.

உயர்தரப் பிள்ளை கேட்டால் 'ட்வைலைட்'டைப் பறிக்காமல் இதையும் கையில் கொடுங்கள். நஹ்ரியின் வயது கொஞ்சம் கூட, ஆங்கிலமும் கொஞ்சம் கடினம், ஜின் குலங்களின் பெயர்கள் முதலில் குழப்பும். முதல் நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டால் பிறகு புத்தகம் தானாக இழுத்துக்கொண்டு போகும்.