கல்லெழுத்தும் கதையெழுத்தும்: நந்தினியின்மேல் விழுந்த பழி

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் இளைஞர் சிலரோடு ‘பொன்னியின் செல்வன்’ நாவலைக் குறித்து உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களைக் கண்டபின் நாவலைத் தேடி வாசித்தவர்கள் அவர்கள். “நந்தினி உண்மையில் வாழ்ந்தவளா?” என்று ஒருவர் வினவினார். அவள் கல்கியின் கற்பனையில் பிறந்தவள் என்றோம். “அப்படியானால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?” என்னும் அடுத்த வினா உடனே எழுந்தது. வரலாற்று நாவலை வாசித்து இன்புறும் யாவரும் எதிர்கொள்ளவேண்டிய வினா இது.

இதற்கு விடை தேட முதலில் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. திருத்தணிக்கு அண்மையிலேயே திருவாலங்காடு இருக்கிறது. அவ்வூர்க் கோயிலுக்கு முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரைக் கொடையாக அளித்ததைக் கூறும் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. மொத்தம் 31 ஏடுகள். அவற்றின் வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றைக் காவிய நடையில் பாடுகிறது. ஆதித்தன் பாண்டியனின் தலையைக் கொய்து, அதனைத் தன் நகரில் வெற்றித்தூணாக நாட்டினானாம். பின்னர் விண்ணுலகைக் காணும் வேட்கையால் அவன் மறைந்தானாம். குடிகள் அருண்மொழியை அரசேற்குமாறு வேண்டியபோது, தன் சிற்றப்பனுக்கு அரசில் விருப்பம் இருக்கும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் விலகினானாம்.

ஒரு கொலை இங்கே விண்ணுலகப் பயணமாக உருமாறியிருப்பதைக் கவனிக்கவேண்டும். செப்பேடு பொய் சொல்லவில்லை. ஆயினும் அரசவைக்கு உகந்த முறையில் சொல்லுகிறது. ஆகவே ‘ஆவணம் உண்மை, நாவல் கற்பனை’ என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது. அரசவைப் புலவரும் ஒரு கதையாசிரியரே.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டோ அலங்காரமின்றிப் பேசுகிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிடுகிறது. அவர்தம் உறவினரின் உடைமைகள் பறிமுதலானதையும் கூறுகிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள் இருந்தன. இவை அரச அலுவலர் தாங்கிய பட்டங்கள். கொலையாளிகள் ஆட்சிக்கு வெளியே இருந்து வந்தவர்கள் அல்லர் என்பது இதனால் புலப்படுகிறது.

கல்கி 1950 முதல் 1954 வரை தமது இதழில் தொடராக எழுதிய நாவலில் இம்மூன்று பெயர்களும் உண்டு. ஆனால் அங்கே அவர்கள் பாண்டியனின் ஆபத்துதவிகள். பழிவாங்கச் சூளுரைத்து வந்த அயலார். அவர்கள் நடுவில் பழுவேட்டரையரின் இளைய மனைவியாக நந்தினி வீற்றிருக்கிறாள். கொலை எவர் கையால் நிகழ்ந்தது என்பதை ஆசிரியர் ஐயத்துக்கு இடமாகவே விட்டுவைக்கிறார். எனினும் வாசகர் நெஞ்சில் குற்றத்தின் பாரம் ஒரு பெண்ணின் அழகின்மேல் விழுந்துவிடுகிறது. கல்வெட்டு ஆட்சியின் உள்ளிருந்தோரைச் சுட்டியது. நாவலோ வரலாற்றில் இல்லாத ஒருத்தியிடம் பழியை ஒப்படைத்தது.

இதனால் கல்கியை முற்றிலும் குறைகூற நாம் விரும்பவில்லை. செப்பேடு பெருமையாகப் பாடிய தலைகொய்தலை, நாவல் கொடுமையாக நமக்குக் காட்டுகிறது. காயமுற்றுக் கிடந்தவனுக்காக நந்தினி மன்றாடியதையும், அம்மன்றாட்டு மதிக்கப்படாததையும் அது மறைக்கவில்லை. தோற்றவர் பக்கத்தின் கண்ணீரைச் செப்பேட்டில் காண இயலாது, நாவலில் காண்கிறோம். அவ்வாறே அருண்மொழி தனக்குரிய முடியைப் பிறர் தலையில் சூட்டும் இறுதிக் காட்சி, செப்பேட்டின் ஒரு சுலோகத்துக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. வரலாற்று நாவலால் நாம் பெறும் மெய்யான இன்பம் இதுவே.

இத்தகைய பழிச்சுமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கப் புராணத்தில் திராய் நகரின் அழிவுக்கு எலன் என்னும் பெண்ணே காரணம் எனப்பட்டாள். ஆனால் கி.மு. 412இல் யூரிப்பிடீசு தம் நாடகத்தில் அக்கதையைத் தலைகீழாக்கினார்: திராய்க்குச் சென்றது எலனின் மாயவடிவமே; அவளோ எகிப்தில் இருந்தாள்; வீரர்கள் ஒரு நிழலுக்காக மடிந்தார்கள். மறுகூறல் இக்காலத்தார் கண்ட புதுமையன்று என்பதற்கு இது சான்று. 2018இல் மேடலின் மில்லர் சூனியக்காரி எனப்பட்ட சர்சியையும், பாட் பார்க்கர் போரில் கொள்ளைப்பொருளாகப் பங்கிடப்பட்ட பிரிசெயிசையும் தத்தம் கதையைத் தாமே கூறவைத்தார்கள். பண்டைய பெண்ணின் வாயில் இன்றைய சிந்தனையை வைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு. என்றாலும், பழி சுமந்தவரிடமே கதையைக் கேட்பது நேர்மையான தொடக்கம் அன்றோ?

மறுகூறல் திருமறைக்கும் அயலானதன்று. சாமுவேலின் புத்தகம் தாவீது பத்சேபாளை அழைப்பித்ததையும் உரியாவைக் கொல்வித்ததையும் விரிவாகக் கூறுகிறது. அதே அரசனின் வரலாற்றை மீண்டும் சொல்லும் நாளாகமம் அந்நிகழ்ச்சியை விட்டுவிடுகிறது. இரண்டும் நம் கையில் இருப்பதால் மௌனத்தையும் நாம் கண்டுகொள்கிறோம். நாத்தான் தீர்க்கதரிசியோ, ஏழையின் ஆட்டுக்குட்டியைப்பற்றிய ஒரு கதையைச் சொல்லியே அரசனைக் குற்றத்தை உணரச் செய்தான். அந்தக் கதை பழியை எளியவர்மேல் தள்ளவில்லை. அதிகாரம் உடையவனிடமே கொண்டுசேர்த்தது.

வரலாற்றுப் புனைவை மதிப்பிட இதுவே தக்க அளவுகோல் எனக் கருதுகிறோம். நிகழாததைச் சேர்த்தாரா என்பதைவிட, சேர்த்ததனால் குற்றம் எவரிடமிருந்து எவரிடம் நகர்ந்தது என்று கேட்பதே பயனுள்ளது. இவ்வினா வாசிப்பின் இன்பத்தைக் கெடுப்பதில்லை. இரண்டாம் வாசிப்புக்கு அழைக்கிறது.

கே.ஜி.கண்டிகை இளைஞர்களிடம் நாவலைக் கீழே வைத்துவிடுமாறு நாம் கூறவில்லை. அதனோடு செப்பேட்டின் மொழிபெயர்ப்பையும் உடையார்குடிக் கல்வெட்டையும் சேர்த்து வாசிக்கவே வேண்டினோம். மூன்றையும் அருகருகே வைத்து வாசிப்பவர், நந்தினியை நோக்கி நீண்ட விரலைச் சற்றுத் திருப்பி, பட்டம் தாங்கியவர்களையும் பார்க்கக் கற்றுக்கொள்வார்.