வெளிக்காற்றின் சூடு: கைவேலை விமானத்துக்கு மலிவு விலைச் சென்சார்

வெளிக்காற்று வெப்பமானி என்பது விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றின் வெப்பநிலையைக் காக்பிட்டில் காட்டும் சிறு கருவி. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் மாட்டுகிறார்கள். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். கேரளத்தவரிலும் அப்படிக் கட்டியவர்கள் உண்டு. தொடுபுழைப் பக்கத்துச் சஜி தாமஸ் பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய இலகுரக விமானம் 2014இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ கிட் ஒன்றை இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே பூட்டி முடித்து 2022இல் செய்தியானார். இரண்டாவது வகை கிட்களில் கணினித் திரைக்கு ஏற்ற சென்சார் தனியாகவே கிடைக்கும். விலை பல ஆயிரம் ரூபாய். மலிவு வழி தேவைப்படுவது முதல் வகைக்கு.

கொச்சிக் கரையில் இதற்கு முதல் தேவை ஓடுதளத்திலேயே எழுகிறது. நெடும்பாசேரி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 30 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 33 டிகிரி செல்சியஸ் வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி, நியம வளிமண்டலத்தில் சுமார் 2,100 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். நியம வெப்பநிலைக்கு மேலான ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி என்பது விமானிகளின் மனக்கணக்கு. கடலோர ஈரப்பதம் இதோடு இன்னும் சில நூறு அடி சேர்க்கும். குறைந்த குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது சின்ன விஷயமல்ல. ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். இரண்டாவது, கார்புரேட்டரில் பனி கட்டும் ஆபத்து. வெளியே 20, 25 டிகிரி இருந்தாலும், ஈரக்காற்றில் எஞ்சின் விசையைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனி பிடிக்கலாம். பனி என்றால் இமயமலை என்று நினைப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? 5,000 அடி உயரத்தில், வேகமானி 100 நாட் காட்டும்போது வெளியே 20 டிகிரி இருந்தால் உண்மையான வேகம் 110 நாட்டைச் சற்றே தாண்டும். சென்சார் ஒரு டிகிரி பிசகினால் இந்த விடையில் வரும் பிழை கால் நாட்கூட இல்லை. ஆகவே அரை டிகிரித் துல்லியமுள்ள மலிவுச் சென்சார் தாராளமாகப் போதும். பிழை பெரும்பாலும் சிப்பில் இருந்து வருவதில்லை. அதை மாட்டிய இடத்திலிருந்து வருகிறது.

எறணாகுளம் பள்ளிமுக்கிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எளிதாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, ‘டிபிஎம்-10’ என்ற பெயரில் வரும் சிறு எல்சிடி வெப்பமானி. இரண்டு பொத்தான் பேட்டரி, ஒரு மீட்டர் வயர், முனையில் கறுப்புத் தெர்மிஸ்டர். பேனலில் ஒரு செவ்வகத் துளை போட்டால் அப்படியே அமர்ந்துகொள்ளும். துல்லியம் ஒரு டிகிரி. வெயிலில் எண்கள் தெளிவாகத் தெரியும், விமானத்தின் மின்சாரமும் வேண்டாம். வயரை நீட்டினாலும் கெடுதல் இல்லை: பத்தாயிரம் ஓம் தெர்மிஸ்டரில் ஒரு டிகிரிக்குச் சுமார் நானூறு ஓம் மாறும்போது, கூடுதல் வயரின் ஓரிரு ஓம் கணக்கிலேயே வராது. பிளாட்டினத்தாலான பிடி-100 வகையில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். இரு வயர் இணைப்பில் அதே ஒரு ஓம் இரண்டரை டிகிரிப் பொய்யாகிவிடும். விலை உயர்ந்தது எப்போதும் நல்லது என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

மற்றொன்று, ‘டிஎஸ்18பி20’ என்ற டிஜிட்டல் சிப், ஆறு மில்லிமீட்டர் எவர்சில்வர் குழாய்க்குள் அடைத்தது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரித் துல்லியம். மூன்று வயர், மின்வயருக்கும் தகவல் வயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. படிக்க ‘ஆர்டுயினோ’ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று. இதற்கு இரண்டு விசித்திரப் பழக்கங்கள் உண்டு. மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே கேட்டால் ‘85’ என்று சொல்லும். வயர் அறுந்தால், வழக்கமான ஆர்டுயினோ நூலகத்தில் ‘-127’ வரும். இரண்டையும் திரைக்கு வரவிடாமல் கோடு போட்டுக் காட்டும்படி புரோகிராம் எழுதுவது அவசியம். போலி சிப்புகளும் சந்தையில் ஏராளம். ஒவ்வொரு சிப்புக்கும் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்: அசலில் அது 28 என்று தொடங்கி, கடைசி ஜோடிக்கு முன் இரண்டு ஜோடிப் பூஜ்யங்களோடு வருவது வழக்கம்.

மாட்டும் முன் சோதனை. பிளாஸ்கில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை அடித்தட்டில் படாமல் நடுவில் நிறுத்தினால் பூஜ்யம் காட்ட வேண்டும். தோப்பும்படித் துறைமுகத்து மீன் ஐஸ் இதற்கு ஆகாது. உப்புப் பட்டிருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். கொச்சங்காடி போன்ற கடல்மட்ட ஊரில் கொதிநீர் ஏறத்தாழ 100 டிகிரிதான், மூணாறில் 95. ஆனால் அந்தச் சூட்டில் டிஎஸ்18பி20 ஓரிரு டிகிரி தவறினால் அதைக் குறையாக எடுக்க வேண்டாம். அது அரை டிகிரி உத்தரவாத எல்லைக்கு வெளியே.

இனி இடம். எஞ்சின் மூடியின் காற்றுத்துளை, சைலன்சருக்குப் பின்னால் உள்ள வயிற்றுப் பகுதி, வெயில் படும் இறக்கை மேற்பரப்பு ஆகிய மூன்றும் கூடாது. காக்பிட்டுக்குக் காற்று தரும் குழாய்வாய் வசதியாகத் தோன்றும். உள்சூடு ஊறி வருவதால் அங்கே எண் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். புரொப்பெல்லர் காற்று எட்டாத இறக்கையின் அடிப்பக்கம் நல்லது; துணி இறக்கை விமானமென்றால் தாங்கு கம்பியின் நிழற்பக்கம். அலுமினியத் தகட்டில் பத்து மில்லிமீட்டர் துளையிட்டு, நைலான் புஷ் வைத்து அதற்குள் குழாயைச் செருக வேண்டும். புஷ் இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்த தகட்டின் சூட்டையே சென்சார் அளக்கும். அது மட்டுமல்ல, மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் எவர்சில்வரும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். எவர்சில்வர் குழாயின் கெட்டிச் சுவரும் அசைவற்ற காற்றில் பதிலைத் தாமதப்படுத்துகிறது. பறக்கும்போது அது பெரிய தொல்லையல்ல.

வேகமும் எண்ணைச் சிறிது உயர்த்தும். காற்று மோதி நிற்பதால் 60 நாட்டில் அரை டிகிரி வரை, 100 நாட்டில் 1.3 வரை, 150 நாட்டில் மூன்று வரை. இலகுரக விமானத்தில் இதை மறந்துவிடலாம். வேகமான கிட்களில் கழிக்க வேண்டும். இடம் சரியா என்று பார்க்க ஒரு வழி: ஒரே உயரத்தில், முழு விசையிலும் குறைந்த விசையிலும் படித்துப் பார்ப்பது. இந்த அளவை மீறி மாறினால் எஞ்சின் சூடு எட்டுகிறது என்று பொருள்.

வயரை இக்னிஷன் கம்பியிலிருந்தும் ரேடியோ ஆன்டெனா கேபிளிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். ரேடியோவில் பேசும்போது மட்டும் எண் துள்ளினால் காரணம் அதுதான். ஆர்டுயினோவுக்குத் தனி ஃபியூஸ். சிறிய ஓஎல்இடி திரைகள் மேசையில் அழகு, நடுப்பகல் காக்பிட்டில் இருட்டு, எல்சிடியே மேல்.

எளிய, பகலில் மட்டும் பறக்கும் விமானத்துக்கு டிபிஎம்-10 போதும், இரண்டில் அதுதான் தொல்லை குறைந்தது. உண்மை வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டவோ பதிவு செய்யவோ விரும்புகிறவர்களுக்கு டிஎஸ்18பி20. ஏடி590 சிப்பை எதிர்பார்க்கும் கணினித் திரை ஏற்கெனவே இருந்தால் இரண்டுமே பொருந்தா. அதற்குரிய சென்சாரையே வாங்க வேண்டும். எதுவானாலும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் இணைப்புகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, ஐஸ் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.