தியானப் பயணம்: பயன் தருவது எது?

மன அமைதியை நாடி ஊரைவிட்டு விலகிச் செல்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. குடுமியான்மலைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. அங்கே 17 கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் அருகேயுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டினது என்பர். சமண முனிவர்கள் இங்கே தங்கித் தவம் செய்தனர். ஆனால், அவர்கள் உடல்நலம் தேடி வரவில்லை. உடலை வருத்திப் பற்றறுக்கவே வந்தனர்.

இன்று தியான முகாம்களுக்குச் செல்வோரின் நோக்கம் வேறு. உறக்கமின்மை, பதற்றம், வேலைச் சுமை இவற்றிலிருந்து விடுபட வேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் முகாம்களின் விளம்பரங்களில் 'மலையின் ஆற்றல்', 'பிரபஞ்ச அதிர்வு', 'குவாண்டம் குணமாக்கல்' போன்ற தொடர்கள் மலிந்துள்ளன. இயற்பியலின் சொற்களை எடுத்தாள்வோர், அவற்றுக்கு இயற்பியல் கேட்கும் சான்றையும் தரக் கடமைப்பட்டவர்கள்.

ஆற்றலும் அதிர்வும்

ஆற்றல் என்பது அளக்கக்கூடிய ஒன்று. அதன் அலகு ஜூல். கருங்கற் குன்றிலிருந்து நாம் அளக்கக்கூடிய ஆற்றல் என்ன? பகலில் ஏற்ற வெப்பத்தைப் பாறை இரவில் வெளிவிடுகிறது. அதிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சிதைவால் சிறிதளவு கதிர்வீச்சும் உண்டு. இவை மனத்தை அமைதிப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

அதிர்வு உண்மைதான். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் உள்ளறையில் நின்று மெல்ல முரன்றால் அறையே உடன் ஒலிப்பதுபோல் தோன்றும். இதன் காரணம் எளிது. 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு கற்சுவர்களை எண்ணிப் பாருங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அச்சுவர்களுக்கிடையே முதல் நிலையலை சுமார் 57 ஹெர்ட்சிலும், அடுத்தது சுமார் 113 ஹெர்ட்சிலும் எழும். ஆணின் தாழ்ந்த குரல் இந்த இரண்டாவது அதிர்வெண்ணை எளிதில் தொடும். கருங்கல் ஒலியை மிகக் குறைவாகவே உட்கவர்வதால் ஓசை வலுப்பெறுகிறது. இதுவே ஒத்ததிர்வு. குளியலறையில் பாடுவோரின் குரல் கனத்து ஒலிப்பதும் இதனால்தான். குடுமியான்மலையில் சுர வரிசைகளைப் பாறையில் முறையாகப் பொறித்துவைத்த முன்னோர், ஒலியை ஒழுங்காக ஆராயலாம் என்று காட்டியவர்கள். அந்த மண்ணில் ஒலியை மாயமாக்குவது பொருந்தாது.

ஒப்பிட்டுப் பார்த்தால்

அப்படியானால் முகாமுக்குச் சென்று வந்தோர் நலமாக உணர்வது பொய்யா? இல்லை. ஆனால் முகாமில் தியானம் மட்டுமா நடக்கிறது? அலுவலகம் இல்லை; தொலைபேசி இல்லை; சமைக்கும் வேலையும் இல்லை; நேரத்திற்கு உணவும் உறக்கமும் கிடைக்கின்றன. நலம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பும் உடன் வருகிறது. இவற்றுள் பயன் தந்தது எது?

2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவின் விடுதி ஒன்றில் 94 பெண்கள் ஆறு நாள் தங்கினர். அவர்களுள் தியானம் பழகாத 64 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தியானம் பயின்றனர்; மறு பிரிவினர் வெறுமனே ஓய்வெடுத்தனர். எஞ்சிய 30 பேர் ஏற்கனவே தியானம் செய்து வந்தவர்கள். ஆறு நாள் முடிவில் எல்லாப் பிரிவினரும் நலமாக உணர்ந்தனர். இரத்தத்தில் மரபணுச் செயற்பாட்டின் மாற்றங்களும் பெரும்பாலும் பொதுவாகவே இருந்தன. அதாவது, உடனடிப் பயனில் பெரும் பங்கு ஓய்வுக்கே உரியது. ஆனால் பத்து மாதங்களுக்குப் பின், புதிதாகத் தியானம் பயின்றோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் ஓய்வு மட்டும் எடுத்தோரைவிடக் குறைவாக இருந்தன. ஆய்வு சிறியது, பெண்கள் மட்டுமே பங்கேற்றது. எனினும் ஒப்பீட்டுக் குழு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அது விளக்குகிறது.

2014-ஆம் ஆண்டில் 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் தொகுத்து நோக்கிய ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானம் ஓரளவு பயன் தருவதாகக் கண்டது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றை அது விஞ்சியதாகச் சான்று கிடைக்கவில்லை. 83 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, தியானம் செய்தோரில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குப் பதற்றம், மனச்சோர்வு முதலிய தீய விளைவுகள் நேர்ந்ததைச் சுட்டியது. ஆகவே, முகாமை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

எஞ்சும் கேள்வி

முகாம் நடத்துவோரிடம் நாம் கேட்க வேண்டியவை சில: உங்கள் கூற்றுக்கு ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வு உண்டா? மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரை எப்படிக் கவனிக்கிறீர்கள்? இடையில் வெளியேற விரும்புவோரை அனுப்பி வைப்பீர்களா?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. தியானப் பயிற்சியைச் செலவின்றி வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம். ஓய்வு அப்படியன்று. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு நாள் ஓய்வு எங்கிருந்து வரும்? ஓய்வே பாதி மருந்து என்றால், அதை விடுதிகளில் விற்கும் பொருளாக விட்டுவிடலாமா? மலையின் ஆற்றலைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள் இந்தக் கேள்வியைத்தான் நம் கண்ணிலிருந்து மறைக்கின்றன.