இளமைப் பதிவில் 'மாயா பஜார்': மாயமும் முறையுறவும்

இளமையிற் கண்ட திரைப்படம் பற்றிய நினைவுகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் சான்றாக ஏற்பதில்லை; ஏக்கப் பேச்சென்று ஒதுக்கிவிடுவர். கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் 1957இல் வெளிவந்த 'மாயா பஜார்' இவ்வழக்கத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது.

ஜொகூர் மாநிலத்துச் சாஆ வட்டாரம் பால்மரத் தோட்டங்களாலும் செம்பனைத் தோட்டங்களாலும் சூழப்பட்டது. தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் பார்த்தது மூத்த தலைமுறை. நம் தலைமுறை ஒளிநாடாவில் பார்த்தது. இரு தலைமுறையினர் நெஞ்சிலும் முதலில் நிற்பது, எஸ். வி. ரங்காராவின் கடோத்கசன் வாயை நோக்கி இலட்டுகள் தாமே பறந்து செல்லும் காட்சியே. திறனாய்வாளரும் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவைப் போற்றி அவ்வியப்போடு நின்றுவிடுகின்றனர்.

அவ்விருந்து யாருக்காகப் படைக்கப்பட்டது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. சூதில் பாண்டவர் பொருளிழந்ததும், அபிமன்யுவுக்கு உரிய மாமன் மகள் வத்சலாவைத் துரியோதனன் மகனுக்குக் கொடுக்கப் பலராமர் வீட்டார் துணிகின்றனர். அம்மணவிருந்தையே கடோத்கசன் உண்டு தீர்க்கிறான். வியாசபாரதத்தில் இக்கதை இல்லை. நாட்டார் மரபினின்று வந்தது. பொருள் குறைந்தால் முறையும் குறையும் என்னும் இக்கொடுமையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாயப்பொருள்களும் இதனையே சுட்டுகின்றன. உள்ளம் விரும்புவதைக் காட்டும் பேழையில் ரேவதி காண்பது அணிகலன்களை. சகுனியின் வஞ்சகத்தை அவன் வாயாலேயே வெளிப்படுத்துகிறது ஒரு பீடம். இங்கு மாயம் ஏமாற்றுதற்கு மட்டுமன்று. மனத்தை வெளிப்படுத்துதற்கும் உரிய கருவி எனலாம்.

ஆயினும் படத்திற்கு ஓர் எல்லை உண்டு. மணமகனின் காலை மிதித்து எதிர்ப்பவள் வத்சலா அல்லள். அவள் உருக்கொண்ட கடோத்கசனே. சாவித்திரியின் நடிப்பு இவ்விரு நிலைகளையும் நுட்பமாக வேறுபடுத்துகிறது. உண்மை வத்சலாவோ உறங்கும் நிலையிலேயே கட்டிலோடு கொண்டுசெல்லப்படுகிறாள். பெண்ணின் மறுப்பை அரக்கன் வாயிலாகவே பேசவைக்க முடிந்திருக்கிறது.

எனவே இளமைப் பதிவு பொய்யன்று, முழுமை பெறாதது. காட்சியை அது காத்துத் தருகிறது. காரணத்தைத் திறனாய்வே சேர்க்கவேண்டும். வகுப்பறையில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், இலட்டு எவ்வாறு பறந்தது என்பதோடு நில்லாது, அது யார் இலையிலிருந்து பறந்தது என்றும் வினவுதல் நன்று.