மேசையும் சாவியும்

தில்லை நகரில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆங்கில அருஞ்சொற் புத்தகம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உருப்போடுவதற்கென்றே செய்த புத்தகம்.

‘கமென்சல்’ என்றால் உடனுண்பவன் என்கிறது. லத்தீனில் ‘மென்சா’ என்பது மேசை. ஒரே மேசையில் உண்பவர்கள் என்பதே சொல்லின் கரு. ‘கான்கிளேவ்’ என்றால் கூட்டமாம். ‘கிளாவிஸ்’ என்பது சாவி; பூட்டக்கூடிய அறைதான் கான்கிளேவ். போப்பைத் தேர்ந்தெடுக்கும் கார்டினல்கள் அடைபட்டுக் கூடுவதால் அவர்கள் கூட்டத்துக்கு அந்தப் பெயர். இன்று கதவைத் திறந்து போட்டு நடத்தும் வியாபார மாநாட்டுக்கும் அதையே வைக்கிறார்கள். பிறப்புத் தெரிந்தவனுக்குத்தானே சிரிப்பு வரும்!

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதே மென்சா போர்த்துக்கீசியர் வாயில் ‘மேசா’ ஆகி நம் மேசையாயிற்று. கிளாவிஸ் ‘சாவே’ ஆகி நம் சாவியாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் (1924–36) இவ்விரண்டையும் போர்த்துக்கீசிய வரவென்றே குறிக்கிறது.

வேர் தெரிந்தால் பொருள் முழுவதும் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வீட்டிலேயே உறவுள்ள சொற்களை அந்நியமாக்கி, பையனைப் பயப்படவைக்கும் புத்தகத்தை நல்ல புத்தகம் என்று எப்படிச் சொல்வது?